முக்கால் அங்குலக் காடி

மேசை ரம்பத்தின் மேற்பரப்பில், பிளேடுக்கு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இரண்டு நேரான காடிகள் ஓடுகின்றன. மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது மைட்டர் கேஜின் அடிப்பட்டை இந்தக் காடிகளில் ஒன்றில் உட்கார்ந்து வழுக்கிச் செல்லும். அறுக்கவேண்டிய பலகை கேஜின் முகப்பில் சாய்ந்திருக்கும். கேஜை 90 டிகிரியில் நிறுத்தினால் நேர்வெட்டு. 45 டிகிரியில் நிறுத்தினால் படச்சட்டத்துக்கு வேண்டிய மூலைவெட்டு. குறுக்குவெட்டு ஸ்லெட், மரத்தை அழுத்திப் பிடிக்கும் ஃபெதர்போர்டு, மேசைக் கால்களைச் சரிவாக அறுக்க உதவும் ஜிக் எனப் பட்டறையில் செய்துகொள்ளும் துணைக்கருவிகளில் பாதிக்குமேல் இந்தக் காடியை நம்பியே இயங்குகின்றன. அதனால் ஒரு நிறுவனத்தின் கேஜ் இன்னொரு நிறுவனத்தின் ரம்பத்தில் பொருந்துமா என்பது, ரம்பத்தை மாற்றும் ஒவ்வொருவருக்கும் செலவு சார்ந்த கேள்வி.

வட அமெரிக்கச் சந்தையைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொருந்தும். அங்கே விற்கும் முழு அளவு மேசை ரம்பங்களில் காடியின் அகலம் 3/4 அங்குலம், ஆழம் 3/8 அங்குலம். மெட்ரிக் கணக்கில் 19.05 மி.மீ., ஏறக்குறைய 9.5 மி.மீ. தமிழ்நாட்டுத் தச்சர்கள் அங்குலத்தை 8 நூலாகப் பிரித்துப் பேசும் கணக்கில் இது 6 நூல் அகலம், 3 நூல் ஆழம். டெல்டா, பவர்மேட்டிக், ஜெட், கிரிஸ்லி, சாஸ்டாப் ஆகிய நிறுவனங்களின் கேபினெட் வகை ரம்பங்களும், டிவால்ட், பாஷ் ஆகியவை அங்கே விற்கும் கட்டுமானத்தள ரம்பங்களில் பலவும் இந்த அளவையே பின்பற்றுகின்றன. ரூட்டர் மேசைகளும் நடுத்தர பேண்ட் சாக்களும் இதே அளவை எடுத்துக்கொண்டன.

ஆனால் இந்த அளவைப் பின்பற்றும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மேசை ரம்பத்துக்கென எழுதப்பட்ட விதிகள் காப்பைப் பற்றியவை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் மரவேலை இயந்திர விதி, பிளேடை மூடும் மறைப்பையும், அறுந்த மரம் பிளேடைக் கவ்வாமல் பிரித்து நிறுத்தும் தகட்டையும், மரம் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் பற்களையும் பேசுகிறது. இடம்விட்டு இடம் கொண்டுசெல்லும் மேசை ரம்பங்களுக்கான பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62841-3-1 தர ஆவணத்தின் அக்கறையும் பாதுகாப்புதான். முக்கால் அங்குலம் வழக்கத்தால் நிலைத்த அளவு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது உலோகவேலைப் பக்கம் திரும்பினால் தெரியும். மில்லிங் இயந்திரத்தின் மேசையிலும் காடிகள் உண்டு. அவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 299 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. காடியின் அகலம் 5, 6, 8, 10, 12, 14, 18, 22, 28 என ஏறிச்சென்று 54 மி.மீ. வரை பட்டியலிடப்பட்டிருக்கும், இடையில் எந்த எண்ணும் கூடாது. கழுத்தின் ஆழம், அடிப்பகுதியின் அகலம், காடிக்கும் காடிக்கும் உள்ள இடைவெளி, அதில் இறங்கும் போல்ட்டின் தலை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அளவைச் சரிபார்க்க உதவும் ஆதாரக் காடிக்கு ஒரு துல்லியம், வெறுமனே பிடித்து இறுக்கும் காடிக்குச் சற்றுத் தளர்ந்த துல்லியம் என்றுகூட அந்த ஆவணம் பிரித்துச் சொல்கிறது. அமெரிக்காவில் இதே வேலையை ஏ.எஸ்.எம்.இ. பி5.1 தரம் செய்கிறது. மர ரம்பத்தின் 19.05 மி.மீ. இந்த மெட்ரிக் பட்டியலில் இல்லை. 18-க்கும் 22-க்கும் இடையில் அது தனியாக நிற்கிறது.

ஆவணம் இல்லாமல் ஓர் அளவு எப்படி நிலைபெறுகிறது? ஒரு காரணம் மூலப்பொருள். 3/4 அங்குல அகலமும் 3/8 அங்குலத் தடிப்பும் கொண்ட எஃகுப் பட்டை அமெரிக்க இரும்புக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சரக்கு. குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும் அந்தப் பட்டையின் அகலம், சொன்ன அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு குறையலாம், கூடாது என்பது ஆலைகளின் வழக்கம். சரியாக முக்கால் அங்குலத்துக்கு மில்லிங் செய்த காடியில் அந்தப் பட்டை எந்தத் திருத்தமும் இன்றி வழுக்கும். கேஜ் செய்பவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இன்னொரு காரணம் நகலெடுப்பு. 1919-இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்ட டெல்டா நிறுவனம் 1939-இல் யூனிசா என்ற மேசை ரம்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பள்ளிப் பட்டறைகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் அது அடுத்த பல பத்தாண்டுகளுக்கு முன்மாதிரி ரம்பமாக இருந்தது. பிற்பாடு தைவான் வார்ப்பாலைகள் அதன் வடிவத்தைத் தழுவி ரம்பங்களை உருவாக்கின. 1983-இல் தொடங்கிய கிரிஸ்லி போன்ற இறக்குமதி நிறுவனங்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றன. உடல் நகலெடுக்கப்பட்டபோது காடியும் சேர்ந்தே நகலானது. மூன்றாவதாகச் சேர்ந்தது துணைக்கருவிச் சந்தை. இன்க்ரா, கிரெக், ஜெஸ்ஸெம் போன்ற நிறுவனங்கள் ரம்பம் செய்வதில்லை. எந்த ரம்பத்திலும் பொருந்தும் கேஜ், பட்டை, ஃபெதர்போர்டு ஆகியவற்றைச் செய்து விற்கின்றன. அவை முக்கால் அங்குலத்தை நம்பி அச்சுகளில் பணம் போட்டபின், வேறு அளவில் காடி வெட்டும் ரம்ப நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு ஒரு கடைத்தெருவையே மூடிவிடுகிறது. சட்டத்தின் கட்டாயத்தைவிட இந்தக் கட்டாயம் வலுவாகத்தான் வேலை செய்திருக்கிறது.

வழக்கம் ஓர் எண்ணை நிலைநிறுத்தும். அந்த எண்ணின் துல்லியத்தை நிலைநிறுத்தாது. இந்தக் காடியின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பொறியியலில் ஒன்றுக்குள் ஒன்று நகரவேண்டிய இரு உறுப்புகளுக்கு வெறும் அளவைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்பையும் சொல்வார்கள். பன்னாட்டுப் பொருத்த முறையில் எச்8/எஃப்7 என்ற இணையை எடுத்துக்கொண்டால், 19.05 மி.மீ. காடி அதே அளவிலிருந்து 0.033 மி.மீ. வரை கூடலாம், குறையக்கூடாது. பட்டை 0.020 முதல் 0.041 மி.மீ. வரை குறைந்தே இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 0.020, மிகுந்தால் 0.074 மி.மீ. இடைவெளி. யார் செய்த காடியில் யார் செய்த பட்டையைப் போட்டாலும் சிக்காமலும் ஆடாமலும் ஓடும்.

மேசை ரம்பக் காடிக்கு இப்படி எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட வரம்பு இல்லை. ஒரு நிறுவனம் காடியைச் சற்றுப் பெரிதாக வெட்டும். இன்னொன்று மெட்ரிக் வரைபடத்தில் 19 என்று சுருக்கி எழுதிக்கொள்ளும். காகிதத்தில் 19-க்கும் 19.05-க்கும் வேறுபாடு அற்பம். ஆனால் சரியாக 19.05 மி.மீ. உள்ள பட்டை சரியாக 19.00 மி.மீ. உள்ள காடிக்குள் சுத்தியலால் அடித்தாலும் இறங்காது. மறுபுறம், பட்டை 18.9-ஆகவும் காடி 19.2-ஆகவும் இருந்தால் இரண்டுமே முக்கால் அங்குலம் என்றுதான் பெட்டியில் அச்சாகியிருக்கும், உள்ளே 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும்.

அந்த ஆட்டம் வெட்டில் என்ன செய்கிறது என்பதை எளிய வடிவியலால் கணக்கிடலாம். காடிக்குள் பட்டை கோணலாகத் திரும்பும்போது அதன் எதிரெதிர் மூலைகள் காடியின் சுவர்களில் முட்டி நிற்கும். திரும்பிய கோணம், இடைவெளியைப் பட்டையின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். 450 மி.மீ. பட்டை, 0.1 மி.மீ. இடைவெளி என்றால் கோணப்பிழை ஏறத்தாழ 0.013 டிகிரி. 300 மி.மீ. அகலப் பலகையை அறுத்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.07 மி.மீ. வேறுபாடு வரும். அது சாதாரண எழுதுதாளின் தடிப்பைவிடக் குறைவு. எந்தத் தச்சரும் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. இடைவெளி 0.5 மி.மீ. ஆனால் அதே பலகையில் பிழை 0.33 மி.மீ. ஆகிறது. இணைப்பில் ஒளி தெரியத் தொடங்கும் அளவு இது.

நிலைமை இன்னும் மோசமாவது அகலமான பலகையில். அறுப்பைத் தொடங்கும்போது கேஜ் மேசைக்கு முன்னே வெகுதூரம் வெளியே நிற்கும். பட்டையில் 150 மி.மீ. மட்டுமே காடிக்குள் இருக்கலாம். அப்போது அதே 0.5 மி.மீ. இடைவெளி 0.19 டிகிரி திரும்ப இடம் கொடுக்கிறது, 300 மி.மீ. அகலத்தில் ஒரு முழு மில்லிமீட்டர் பிழை. படச்சட்டம் ஒன்றுக்கு 8 மூலைவெட்டுகள் வேண்டும். பிழை எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக விழுந்தால் கடைசி மூலையில் 1.5 டிகிரி திறந்து நிற்கும். அறுக்கும்போதெல்லாம் கேஜைக் காடியின் ஒரே சுவரோடு அழுத்திக்கொண்டே தள்ளும் பழக்கம் இதற்கு நல்ல மாற்று. ஆட்டம் போகாது, ஆனால் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதால், அந்த நிலையில் கேஜின் கோணத்தைச் சரிசெய்துகொண்டால் பிழை மறைந்துவிடும்.

துணைக்கருவி நிறுவனங்கள் வரம்பில்லாத சந்தைக்கு வேறு வழியில் பதில் சொல்லியிருக்கின்றன. பட்டையை வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகச் செய்து, பக்கவாட்டில் விரியும் உறுப்புகளைப் பொருத்திவிடுகிறார்கள். சிலவற்றில் நைலான் முனைத் திருகுகள். சிலவற்றில் வில்லின் மேல் உட்கார்ந்த எஃகுக் குண்டுகள். சிலவற்றில் திருகை இறுக்க இறுக்க விட்டம் விரியும் பிளாஸ்டிக் வட்டுகள். பயனர் தன் காடிக்கு ஏற்ப அவற்றைத் திருகி ஆட்டத்தை நீக்கிக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் முந்தைய பட்டறைத் தந்திரம் ஒன்றும் உண்டு: பட்டையின் பக்கத்தில் சென்டர் பஞ்சை வைத்து அடித்தால் குழியைச் சுற்றி உலோகம் மேடிடும், அதை அரத்தால் அளவுக்குத் தேய்த்துக்கொள்வது. அழகு இல்லை, ஆனால் செலவும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. விரியும் பட்டை அகலமான காடியைச் சமாளிக்கும். குறுகலான காடிக்கு அதனால் எதுவும் செய்ய முடியாது.

காடியின் அகலம் ஒத்துப்போனாலும் அதன் குறுக்குவெட்டுத் தோற்றம் ஒத்துப்போகும் என்பதில்லை. சில காடிகள் வெறும் செவ்வகம். சில தலைகீழான ஆங்கில டி எழுத்தின் வடிவம். இரண்டாம் வகையில் காடியின் அடியில் இருபுறமும் சிறு பள்ளம் ஓடும். கேஜ் பட்டையின் முனையில் அடிப்புறமாகத் திருகப்பட்ட வட்டமான வாஷர் அந்தப் பள்ளங்களுக்குள் நகரும். அகலப் பலகைக்காகக் கேஜை மேசைக்கு வெளியே இழுக்கும்போது அதன் கனத்த தலை கீழே சாயாமல் வாஷர் பிடித்துக்கொள்ளும். வாஷரின் விட்டம் பொதுவாக ஓர் அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் விட்டமும் தடிப்பும் மாறும், அந்தப் பள்ளத்தின் உயரமும் மாறும். ஒரு நிறுவனத்தின் கேஜை இன்னொன்றில் போடும்போது பட்டை இறங்கி வாஷர் சிக்குவது வழக்கமாகக் காணும் தொல்லை. தீர்வு எளிது: வாஷரைக் கழற்றிவிட்டால் பட்டை பெரும்பாலான முக்கால் அங்குலக் காடிகளில் மேலிருந்தே இறங்கும். சாயாமல் பிடிக்கும் வசதி போகும், அவ்வளவுதான்.

இலகுவான சில கட்டுமானத்தள ரம்பங்களில் டி வடிவத்துக்குப் பதிலாக, காடியின் மேல்விளிம்பிலிருந்து உள்நோக்கி நீளும் சிறு நாக்குகள் இருக்கும். அந்த ரம்பத்தோடு வரும் கேஜின் பட்டையில் நாக்குகளுக்கு ஏற்ற வெட்டு இருப்பதால் அது ஓடும். வெளியில் வாங்கும் செவ்வகப் பட்டை இறங்காது. பலர் அந்த நாக்குகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். வார்ப்பு அலுமினிய மேசையில் அது அரைமணி நேர வேலை.

ஆழம் குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டை காடியின் தளத்தைத் தொடாமல், மேசை மட்டத்துக்கு மேலே துருத்தாமல் இருந்தால் போதும். ஆழம் குறைந்த காடியில் 3/8 அங்குலப் பட்டையின் மேற்புறம் மேசைக்கு மேலே நின்று, ஸ்லெட்டையும் பலகையையும் தூக்கிவிடும். அப்போது பட்டையைத் தடிப்பில் இழைக்கவேண்டும். எஃகுப் பட்டை என்றால் அது வீட்டுப் பட்டறை வேலையல்ல.

அகலத்தை மட்டும் பார்த்துத் தரம் இருக்கிறது என்று முடிவு கட்டுவோர் கவனிக்காமல் விடுவது காடிக்கும் பிளேடுக்கும் உள்ள தூரம். இதில் எந்த ஒப்புதலும் கிடையாது. ஒரே ரம்பத்தில்கூட இடக் காடியின் தூரமும் வலக் காடியின் தூரமும் சமமாக இருக்கவேண்டும் என்பதில்லை. மைட்டர் கேஜுக்கு இது பெரிய பொருட்டல்ல. அதன் முகப்பில் திருகிய மரப்பட்டியைச் சற்று நகர்த்தினால் போதும். குறுக்குவெட்டு ஸ்லெட்டின் கதை வேறு. ஸ்லெட்டின் தளப் பலகையில் பிளேடு அறுத்த ஒற்றைக் கோடு இருக்கும். அந்தக் கோடுதான் வெட்டு எங்கே விழும் என்பதைக் காட்டுகிறது, வெட்டின் அடியில் மரம் பிசிறாமல் தாங்குகிறது. வேறு ரம்பத்தில் வைத்தால் பிளேடு அந்தக் கோட்டில் வராது. தளத்தில் இரண்டாவது பிளவு விழும். இரு காடிகளிலும் பட்டை இறங்கும் ஸ்லெட்டானால் காடிகளுக்கு இடையிலுள்ள தூரமும் பொருந்தவேண்டும்; பெரும்பாலும் அது பொருந்தாது. நடைமுறையில் ஸ்லெட் என்பது ஒரு ரம்பத்துக்கென்று செய்தது. ரம்பம் மாறினால் புதிதாகச் செய்யவேண்டும்.

ஸ்லெட்டுக்கு அடியில் போடும் பட்டைக்கு மரத்தைத் தேர்ந்தெடுத்தால் பருவநிலையும் கணக்கில் வரும். மேப்பிள் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் 19 மி.மீ. அகலம் கால் மில்லிமீட்டருக்கு மேல் மாறும். கோடையில் வழுக்கிய பட்டை மழைக்காலத்தில் காடிக்குள் இறுகிக்கொள்வது இதனால்தான். வளையங்களுக்குக் குறுக்கான திசையில் மாற்றம் ஏறத்தாழ பாதி. ஆகவே அந்தத் திசை அகலமாக வரும்படி மரத்தை அறுத்துக்கொள்வது நல்லது. அலுமினியத்துக்கு இந்தத் தொல்லையில்லை: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதே அகலத்தில் 0.004 மி.மீ. மட்டுமே கூடும். வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டை ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் வெப்பத்தில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும், திருகை அதிகம் இறுக்கினால் பக்கவாட்டில் உப்பும்.

முழு அளவு ரம்பங்களை விட்டு இறங்கினால் விதிவிலக்குகள் பெருகுகின்றன. மலிவான மேசைமேல் ரம்பங்கள், 9 அல்லது 10 அங்குலச் சிறு பேண்ட் சாக்கள், வட்டுத் தேய்ப்பான்கள் ஆகியவற்றில் 5/8 அங்குலமோ 1/2 அங்குலமோ அகலமுள்ள காடிகள் காணப்படும். தகடு மெலிதாக இருக்கும் மேசையில் 3/8 அங்குல ஆழம் வெட்டவே இடமிருக்காது. 1990களில் பரவலாக விற்ற ரியோபி பிடி3000 ரம்பத்தின் மேசையிலோ காடியே இல்லை. குறுக்குவெட்டுக்கு வழுக்கு மேசை ஒன்றை வைத்திருந்தார்கள். காடி வேண்டுவோர் தனித் துணைமேசை வாங்கவேண்டியிருந்தது. புத்திசாலித்தனமான ரம்பம்தான், ஆனால் துணைக்கருவிக் கடையிலிருந்து அதன் உரிமையாளர்கள் வெறுங்கையோடு திரும்பவேண்டி வந்தது.

ஐரோப்பாவில் கேள்வியே வேறு விதமாக எழுகிறது. 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற தச்சர் வழுக்கு மேசை கொண்ட ரம்பத்தை உருவாக்கினார். அந்த மரபில் வந்த ஆல்டென்டார்ஃப், ஃபெல்டர், மார்ட்டின் போன்ற நிறுவனங்களின் பெரிய ரம்பங்களில், பிளேடை ஒட்டியே நகரும் நீண்ட வண்டி குறுக்குவெட்டைப் பார்த்துக்கொள்கிறது. மைட்டர் காடிக்கு அங்கே வேலை இல்லை. ஃபெஸ்டூலின் சிறிய ரம்பங்களில் மேசையின் ஓரங்களில் ஓடும் தனி வடிவப் பள்ளத்தில் அந்த நிறுவனத்தின் துணைக்கருவிகளே மாட்டும். மைட்டர் காடி உள்ள ஐரோப்பியச் சிறு ரம்பங்களிலும் முக்கால் அங்குலத்தை எதிர்பார்க்க முடியாது. பிளேடின் நடுத்துளையிலும் இதே பிரிவு உண்டு: அமெரிக்காவின் 10 அங்குல பிளேடுக்கு 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ.; ஐரோப்பாவில் 30 மி.மீ. அமெரிக்கத் துணைக்கருவியை ஆசைப்பட்டு வரவழைக்கும் பிற நாட்டார், அது எந்தக் காடிக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டவேண்டும்.

வாங்குவதற்குமுன் அளப்பதுதான் இதில் நம்பத்தக்க ஒரே வழி. வெர்னியர் அல்லது டிஜிட்டல் காலிப்பரின் உள்ளளவுத் தாடைகளைக் காடியின் முன்முனை, நடு, பின்முனை என மூன்று இடங்களிலாவது வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு காடிகளையும் தனித்தனியே அளக்கவேண்டும். விளிம்பில் மில்லிங் பிசிறோ, மூலைகளில் பெயின்ட்டோ, அடியில் இறுகிய மரத்தூளோ இருந்தால் முதலில் அகற்றவேண்டும். இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். கிடைத்த அளவுகளில் மிகக் குறைந்ததே பட்டையின் மேல்வரம்பு, ஏனெனில் பட்டை அந்த இடத்தையும் கடந்தாகவேண்டும். குறைந்த அளவு 19.05-ஐ எட்டி, மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று 0.1 மி.மீ.க்குள் ஒத்திருந்தால், சந்தையில் கிடைக்கும் விரியும் பட்டை எதையும் வாங்கலாம். 19.0-ஐ ஒட்டி இருந்தால் விற்பவரிடம் பட்டையின் உண்மையான அகலத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும். அதற்கும் குறைவென்றால், ஆயத்தப் பட்டையை மறந்துவிட்டு அந்தக் காடிக்கென்றே மரத்தால் ஒரு பட்டையை இழைத்துக்கொள்வது மலிவும் விரைவும் ஆகும்.